வக்கீல்களும் கறுப்புக் கோட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் வக்கீல் தொழில் செய்கிறேன். கட்சிக்காரர்கள், சட்டக் கல்லூரி மாணவர்கள், புதிதாக வக்கீலாக என்ரோல் (பதிவு) ஆன தம்பி தங்கைகள், பிள்ளையைச் சட்டம் படிக்க அனுப்பிய பெற்றோர் என்று பலரும் கோட்டைப் பற்றி என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரியே போதும். சிலவற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

சித்திரை வெயிலிலும் கறுப்புக் கோட்டு போடுகிறீர்களே, அது சட்டமா, விருப்பமா?

இரண்டும்தான். 1961ஆம் வருட வழக்கறிஞர்கள் சட்டத்தின் 49ஆவது பிரிவு, வழக்கறிஞர்களின் உடை எப்படி இருக்க வேண்டும் என்று விதி செய்யும் அதிகாரத்தை, வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலுக்குக் கொடுக்கிறது. தட்பவெப்ப நிலையையும் கருத்தில் கொண்டு அந்த விதியைச் செய்ய வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. அந்த விதிப்படி உயர் நீதிமன்றத்தில் கோட்டும், கழுத்தில் கட்டும் வெள்ளை நெக் பேண்டும் இல்லாமல் ஆஜராக முடியாது (இனி பேண்ட் என்றால் இதுதான், கால்சட்டை இல்லை).

ஆனால் சாயங்காலம் உயர் நீதிமன்றம் கலைந்த பிறகு பாரிமுனைப் பக்கம் வந்து பாருங்கள். என்.எஸ்.சி. போஸ் சாலை டீக்கடைகளில் நிற்கிற வக்கீல்கள் பேண்டை அவிழ்த்துப் பையில் போட்டிருப்பார்கள், கோட்டின் மேல் போடும் கறுப்பு அங்கியான கவுனை மடித்துக் கையில் வைத்திருப்பார்கள். கோட்டு மட்டும் பெரும்பாலும் உடம்பிலேயே இருக்கும். அந்த நேரத்தில் அதைப் போட்டிருக்கச் சொல்லி எந்த விதியும் இல்லை.

அப்படி அதில் என்ன பிடித்திருக்கிறது?

முதலில் வாசலைப் பற்றிச் சொல்கிறேன். கோர்ட் என்பது சாதாரண மனிதர் உள்ளே நுழையவே தயங்குகிற இடம். போலீஸ், சோதனை, டவாலி, உயரமான கதவுகள். கோட்டு போட்ட இருபத்து மூன்று வயதுப் பெண் அந்த வாசலை யாரிடமும் அனுமதி கேட்காமல் கடந்து போகிறாள். அவள் அப்பா ஊரில் தாலுகா ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற மனிதராக இருக்கலாம். அந்த வித்தியாசத்தை வீட்டில் எல்லோரும் உணர்கிறார்கள். என்ரோல்மென்ட் நாளன்று பார் கவுன்சில் வாசலில் குடும்பத்தோடு நின்று படம் எடுத்துக்கொள்ளும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

அடுத்தது கட்சிக்காரர். ஜாமீன் கேட்டு வந்திருக்கிற ஒரு அம்மாவுக்கு, ஆயிரம் பேர் நடமாடும் வளாகத்தில் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாது. கறுப்புக் கோட்டைப் பார்த்தால் கையை நீட்டி வழி கேட்கலாம். தன் வக்கீலாக இல்லாவிட்டாலும் எந்தக் கோர்ட் ஹால், எந்த மாடி என்று சொல்லிவிடுவார். கோட்டு போட்டுக்கொண்டு வராந்தாவில் நடக்கிற ஒவ்வொரு வக்கீலும் ஒரு நாளைக்குப் பல பேருக்கு இப்படி வழி சொல்கிறார்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். நான் பேசுவது என் வழக்கை இல்லை. என் சொந்தக் கருத்து, என் கோபம், என் ஊர், என் சாதி எதற்கும் அங்கே வேலை கிடையாது. எனக்குப் பிடிக்காத ஒருவருக்காகவும் எழுந்து நின்று, அவருக்குச் சட்டம் தருகிற கடைசித் துளிப் பாதுகாப்பு வரை கேட்டு வாங்க வேண்டும். காலையில் கோட்டை மாட்டி, பேண்டின் நாடாவைப் பிடரியில் முடிச்சுப் போடுகிற அந்த அரை நிமிடத்தில் என்னைப் பின்னால் தள்ளிவிட்டு, என்னிடம் வக்காலத்து கொடுத்தவரை முன்னால் நிறுத்துகிறேன். இந்த உடை எனக்குச் செய்கிற பெரிய உதவி அது.

எல்லோரும் ஒரே மாதிரி உடுத்துவதால் உண்மையிலேயே சமத்துவம் வந்துவிடுமா?

வந்துவிடாது. சீனியரின் கோட்டுத் துணியும் ஜூனியரின் துணியும் ஒன்றில்லை என்பது பக்கத்தில் நின்றாலே தெரியும். யாருக்கு முதலில் காது கொடுக்கப்படுகிறது என்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. ஆனாலும் இந்த மண்ணில் உடைக்கு இருந்த வரலாற்றை நினைத்துப் பார்த்தால், ஒரே கோட்டு என்பது சின்ன விஷயமாகத் தெரியாது.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், நாடார் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை போடும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டுப் போராடினார்கள். 1859 ஜூலையில்தான் அதற்கு அனுமதி தரும் அரச ஆணை வந்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தக் கூடாது என்று ஒரு கொக்கி போட்டார்கள். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது ஒரு தடைப் பட்டியலையே விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது. தங்க, வெள்ளி நகை போடக் கூடாது. தலைமுடி கத்தரித்துக்கொள்ளக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் எதுவும் போடக் கூடாது.

கோட்டு போடக் கூடாது என்று அந்தப் பட்டியலில் தனியாகவே சொல்லியிருக்கிறார்கள். இது நடந்து இன்னும் நூறு வருடம் ஆகவில்லை. அப்படித் தடுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் இன்று மதுரைக் கிளையிலும் ராமநாதபுரம் மாவட்ட நீதிமன்றத்திலும் கறுப்புக் கோட்டோடு எழுந்து நிற்கிறார்கள். எதிர்த் தரப்பு வக்கீல் எந்தத் தெருவிலிருந்து வந்தவராக இருந்தாலும், கோர்ட் ஹாலுக்குள் இவரை "என் கற்றறிந்த நண்பர்" என்றுதான் குறிப்பிட்டாக வேண்டும்.

அம்பேத்கர் லண்டன் கிரேஸ் இன்னில் படித்த பாரிஸ்டர். நம் ஊர்களில் அவர் சிலைகள் கோட்டும் சூட்டும் போட்டு, கையில் அரசியலமைப்புச் சட்டத்தோடு நிற்கின்றன. அந்த உடை ஏன் அப்படியே வார்க்கப்படுகிறது என்பது, உடுத்தத் தடை விதிக்கப்பட்ட மக்களுக்கு நன்றாகவே தெரியும். வக்கீல்கள் கோட்டை விரும்புவதை வெறும் மேல்நாட்டு மோகம் என்று சொல்பவர்களுக்கு நான் இதைத்தான் பதிலாகச் சொல்வேன்.

விதி சரியாக என்ன சொல்கிறது?

ஆண் வக்கீல்களுக்கு இரண்டு வழி. கழுத்து வரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டு, சப்கன், அச்கன் என்ற நீள மேலுடைகள் அல்லது கறுப்பு ஷெர்வானி. இல்லையென்றால் முன்புறம் திறந்த கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காலர். இரண்டுக்கும் வெள்ளை நெக் பேண்டும் கவுனும் உண்டு. கால்சட்டை வெள்ளை, கறுப்பு, சாம்பல் அல்லது கோடு போட்டதாக இருக்கலாம். வேட்டியும் கட்டலாம். ஜீன்ஸ் கூடாது. உடை அடக்கமாகவும் கண்ணியமாகவும் இருக்க வேண்டும் என்பது பொது நிபந்தனை.

உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம், செஷன்ஸ் கோர்ட், நகர உரிமையியல் நீதிமன்றம் தவிர்த்த மற்ற கோர்ட்டுகளில் பேண்டுக்குப் பதில் கறுப்பு டை கட்டலாம். ஆக, முன்சீப் கோர்ட்டிலும் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் டையோடு ஒரு வக்கீலைப் பார்த்தால் அவர் விதியை மீறவில்லை.

ஜீன்ஸ் விஷயத்தில் விளையாட வேண்டாம். 2023 ஜனவரியில் கவுகாத்தி உயர் நீதிமன்றத்தில் ஜீன்ஸோடு வந்த ஒரு வக்கீலை நீதிபதி போலீஸை அழைத்து வளாகத்தை விட்டே வெளியே அனுப்பச் சொன்னார். நஷ்டம் அந்த வக்கீலுக்கு மட்டும் இல்லை. அன்றைக்கு அவர் கட்சிக்காரரின் முன்ஜாமீன் மனு விசாரிக்கப்படாமல் தள்ளிப்போனது.

வேட்டி கட்டி ஆஜராகலாம் என்கிறீர்களே, நிஜமாகவா?

நிஜமாக. விதியில் இருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் இன்றைக்கு அரிதாகத்தான் பார்க்கிறோம், அவ்வளவே.

வேட்டி என்றதும் 2014 நினைவுக்கு வரும். அந்த வருடம் ஜூலையில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமனை, வேட்டி கட்டியிருந்தார் என்பதற்காகச் சேப்பாக்கம் கிரிக்கெட் சங்க கிளப்புக்குள் விடவில்லை. அவரோடு வழக்கறிஞர்களும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சட்டமன்றத்தில் எல்லாக் கட்சிகளும் கண்டித்தன. பொது இடங்களில் வேட்டிக்குத் தடை போடுவதைக் குற்றமாக்கி அடுத்த மாதமே தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது. கோர்ட்டுக்குள் ஆஜராகும் வக்கீலுக்கு அனுமதிக்கப்பட்ட உடைக்கு ஒரு கிளப்பில் அனுமதி இல்லை என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

பெண் வக்கீல்களுக்கு?

கறுப்பு முழுக்கை ஜாக்கெட் அல்லது ரவிக்கை, வெள்ளைக் காலர், பேண்ட், கவுன். அல்லது வெள்ளை ரவிக்கை மேல் கறுப்புக் கோட்டு. புடவை வெள்ளை, கறுப்பு அல்லது அடக்கமான ஏதாவது ஒரு நிறத்தில், பூவேலை, அச்சு எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். சுடிதார், சல்வார் போடலாம். துப்பட்டா கட்டாயமில்லை.

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லாமல் இருந்தது. வக்கீலாகப் பதிவு செய்யக் கேட்ட ரெஜினா குஹாவின் மனுவை, பெண் என்ற ஒரே காரணத்துக்காக 1916இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தள்ளியது. பெண்களும் வக்கீல் தொழில் செய்யலாம் என்று மத்தியச் சட்டம் வந்தது 1923இல். பெண் ஜூனியர்களிடமிருந்து நான் அடிக்கடி கேட்கிற குறை இன்னொன்று. கடைகளில் கிடைக்கும் ரெடிமேட் கோட்டு ஆண் உடம்பு அளவுக்கே வெட்டப்பட்டிருக்கும். தோள் தொங்கும், பாக்கெட் பேருக்குத்தான் இருக்கும். தைத்துப் போடுவதே நல்லது.

கவுன் எங்கே கட்டாயம்?

உச்ச நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றங்களிலும் மட்டும். மற்ற இடங்களில் உங்கள் விருப்பம்.

தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம், தன் முன்னால் ஆஜராகும் வக்கீல்கள் கவுன் போட வேண்டும் என்று 2017இல் உத்தரவிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் அதை ரத்து செய்தது. பார் கவுன்சில் விதியே கவுனை விருப்பத்துக்கு விட்டிருக்கும்போது தீர்ப்பாயம் தானாகக் கட்டாயமாக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஒரு துண்டு கறுப்புத் துணிக்காக இவ்வளவு தூரம் வழக்கா என்று சிலர் கேட்டார்கள். உடையைப் பற்றி விதி செய்யும் அதிகாரம் யாருக்கு என்பது முக்கியமான கேள்வி. அது தெளிவானது நல்லதே.

ஏன் கறுப்பு? யார் தொடங்கி வைத்தது?

இங்கிலாந்திலிருந்து வந்த பழக்கம். அங்கேயும் ஆரம்பத்தில் நீதிபதிகளின் அங்கிகள் ஊதா, பச்சை, சிவப்பு என்று நிறம் நிறமாகத்தான் இருந்தன. பரவலாகச் சொல்லப்படுவது என்னவென்றால், 1685இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் இறந்தபோது வக்கீல்கள் துக்கத்துக்காகக் கறுப்பு அங்கி போட்டார்கள், அப்படியே நிலைத்துவிட்டது. 1694இல் இறந்த இரண்டாம் மேரி அரசிக்காகப் போட்டது என்றும் சொல்வதுண்டு. எந்த மரணம் என்பதில் கருத்து வேறுபாடு இருந்தாலும், பதினேழாம் நூற்றாண்டின் முடிவில் கறுப்பு அங்கி உறுதியாகிவிட்டது.

நமக்குத் துக்கத்தின் நிறம் வெள்ளை என்பதால், அந்தப் பழைய துக்கம் கடல் தாண்டி வரும்போதே கழன்றுவிட்டது. இங்கே கறுப்புக் கோட்டைப் பார்த்து யாருக்கும் சாவு நினைவுக்கு வருவதில்லை, வக்கீல்தான் நினைவுக்கு வருகிறார்.

கழுத்தில் தொங்கும் இரண்டு வெள்ளைத் துண்டு எதற்கு?

அதுதான் பேண்ட். பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஆண்கள் தோள் வரை மடிந்து விழும் பெரிய வெள்ளைக் காலர் போட்டார்கள். அது சுருங்கிச் சுருங்கி இரண்டு துண்டாக மிஞ்சியது. பாதிரியார்களும் பல்கலைக்கழகத்துக்காரர்களும்கூட அதை அணிந்தார்கள். பைபிளில் மோசே கொண்டுவந்த இரண்டு கல்பலகைகளின் அடையாளம் என்று ஒரு விளக்கம் புழங்குகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது பின்னால் சேர்ந்த விளக்கம்.

நடைமுறையில் பேண்டுதான் வக்கீலை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது. கறுப்புக் கோட்டு ரயில்வே டிக்கெட் பரிசோதகரும் போடுகிறார்.

இங்கிலாந்து வக்கீல்கள் மாதிரி பொய்முடி ஏன் இல்லை?

சுதந்திரத்துக்குப் பிறகு அதை நாம் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு முன்பும் நம்மவர்கள் தங்கள் தலைப்பாகையை விட்டுவிடவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி டி. முத்துசாமி ஐயரின் பளிங்குச் சிலை உயர் நீதிமன்றக் கட்டடத்துக்குள் இருக்கிறது. தலைப்பாகையோடு, வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கிறார். அந்தக் காலத்து மெட்ராஸ் வக்கீல்களின் படங்களைப் பார்த்தாலும் தலைப்பாகையும் நீளக் கோட்டும் சேர்ந்தே இருக்கும்.

தலைப்பாகைக்காக ஒரு புகழ்பெற்ற தகராறும் நடந்திருக்கிறது. 1893இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் கோர்ட்டில் மாஜிஸ்திரேட் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னபோது காந்தி மறுத்து வெளியே வந்துவிட்டார். மறு வருடம் நேட்டால் சுப்ரீம் கோர்ட்டில் வக்கீலாகப் பதிவானபோது தலைமை நீதிபதி அதையே சொன்னார். இந்த முறை கழற்றினார். பெரிய போராட்டங்களுக்குத் தன் பலத்தைச் சேமித்து வைக்க நினைத்ததாகப் பிறகு எழுதினார். நண்பர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு அவர் செய்தது சரியென்றே படுகிறது, உள்ளே போனால்தானே வாதாட முடியும்.

அப்படியென்றால் இது ஆங்கிலேயர் விட்டுப்போன மிச்சம்தானே? தூக்கி எறிய வேண்டாமா?

மிச்சம்தான், மறுக்கவில்லை. 1920இல் ஒத்துழையாமை இயக்கம் கோர்ட்டுகளைப் புறக்கணிக்கச் சொன்னபோது, சேலத்தில் கொடிகட்டிப் பறந்த வக்கீல் ராஜாஜி தொழிலையே விட்டார். அன்றைக்குக் கோட்டைக் கழற்றுவது ஒரு அரசியல் செயல்.

ஆனால் எதைக் கழற்ற வேண்டும் என்பதில் எனக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் போக வேண்டியவை, மனிதரை மனிதர் முன் குனிய வைக்கிற பழக்கங்கள். "மை லார்டு" வேண்டாம், உயர் நீதிமன்றங்களில் "யுவர் ஆனர்" அல்லது "மாண்புமிகு நீதிமன்றம்" என்றால் போதும் என்று பார் கவுன்சில் 2006இலேயே விதி செய்துவிட்டது. நீதிபதி கே. சந்துரு தன்னை மை லார்டு என்று அழைக்க வேண்டாம் என்று சொன்னவர், முன்னால் செங்கோல் ஏந்தி நடக்கும் டவாலியையும் வேண்டாம் என்றவர். இதையெல்லாம் நாம் இன்னும் முழுதாகச் செய்து முடிக்கவில்லை. கோர்ட்டில் தமிழ் முழு உரிமையோடு ஒலிப்பது அதைவிடப் பெரிய வேலை. கோட்டு இந்த வரிசையில் கடைசியில்தான் வருகிறது. அது யாரையும் குனிய வைப்பதில்லை, நிமிர்ந்து நிற்கவே வைக்கிறது.

வெயிலுக்கு விலக்கு கிடையாதா?

உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள் தவிர மற்ற கோர்ட்டுகளில் கோடைக் காலத்தில் கறுப்புக் கோட்டு கட்டாயமில்லை என்று பார் கவுன்சில் விதியே சொல்கிறது. மாவட்ட, தாலுகா கோர்ட்டுகளில் வெள்ளைச் சட்டையும் நெக் பேண்டுமாக ஆஜராகலாம்.

2024 ஏப்ரலில் வெப்ப அலை அடித்தபோது கேரள உயர் நீதிமன்றம் மே இறுதி வரை கவுனை விருப்பத்துக்கு விட்டது. அதே வருடம் செப்டம்பரில், கோடையில் கோட்டுக்கும் கவுனுக்கும் விலக்கு கேட்டுப் போடப்பட்ட மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கோர்ட்டின் கண்ணியம் என்று ஒன்று இருக்கிறது என்பது பெஞ்சின் கருத்து.

இதில் என் கருத்து வேறு. கோட்டை நேசிக்கிறவன்தான் நான். அரக்கோணத்திலிருந்து மின்சார ரயிலில் நின்றுகொண்டே வருகிற ஜூனியர்களைப் பார்க்கிறேன். கோட்டை உள்பக்கம் வெளியே வரும்படி மடித்துக் கையில் தொங்கவிட்டிருப்பார்கள். வளாகத்துக்குள் வந்து, நிறுத்தியிருக்கும் பைக்கின் கண்ணாடியில் பார்த்து பேண்ட் கட்டிக்கொள்வார்கள். மத்தியானத்துக்குள் அக்குளிலும் முதுகிலும் வேர்வை காய்ந்து வெள்ளை உப்புக் கோடு படர்ந்திருக்கும். குளிர்சாதனம் போட்ட கோர்ட் ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வராந்தாவின் சூடு தெரியாது. தட்பவெப்பத்தைப் பார்த்து விதி செய் என்று சட்டமே சொல்லியிருக்கும்போது, ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் கவுனுக்கு எல்லா உயர் நீதிமன்றங்களும் விலக்குக் கொடுப்பதே முறை.

கொரோனா காலத்தில் எப்படிச் சமாளித்தீர்கள்?

2020 மே மாதம் உச்ச நீதிமன்றம், காணொளி விசாரணைக்குக் கோட்டும் கவுனும் வேண்டாம், வெள்ளைச் சட்டை அல்லது வெள்ளைப் புடவை, வெள்ளை சல்வார், கூடவே வெள்ளை நெக் பேண்ட் இருந்தால் போதும் என்று அறிவித்தது. தொற்று துணியில் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் அப்போது இருந்தது. வழக்குகள் நடந்தன, உத்தரவுகள் வந்தன, வானம் இடிந்து விழவில்லை. விலக்கு கேட்பவர்களுக்கு இது வலுவான வாதம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்போதும் வீட்டுக்குள், கேமரா முன் உட்காரும்போது, தேவையே இல்லாமல் கோட்டைப் போட்டுக்கொண்ட வக்கீல்கள் நிறையப் பேர். நானும் பல நாள் அப்படித்தான் உட்கார்ந்தேன். கோட்டு போட்டால்தான் வாய் வருகிறது என்று சொன்ன ஒரு சீனியரின் பேச்சு எனக்கு முழுக்கப் புரிந்தது.

உடை மாறினால் மனசும் மாறும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா?

2012இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. ஒரே வெள்ளைக் கோட்டை மருத்துவருடையது என்று சொல்லிக் கொடுத்தபோது கவனம் கூடியது, ஓவியருடையது என்று சொன்னபோது அப்படி இல்லை என்றது. பிறகு அதிகம் பேரை வைத்து அதன் ஒரு சோதனையைத் திரும்பச் செய்தபோது அதே முடிவு வரவில்லை. ஆகவே அறிவியல் நிரூபித்துவிட்டது என்று சொல்லமாட்டேன். வக்கீல்களின் அனுபவம் அதுதான் என்று மட்டும் சொல்வேன்.

சீனியர் அட்வகேட் கவுன் வேறா?

ஆமாம், தையலே வேறு, பார்த்தாலே தெரியும். உச்ச நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ அந்தத் தகுதியைக் கொடுத்தால்தான் போட முடியும். அவர்கள் நேரடியாக வக்காலத்து தாக்கல் செய்ய முடியாது, இன்னொரு வக்கீல் கூட இருக்க வேண்டும். ஊர்ப் பேச்சில் வயதான வக்கீல் எல்லோரையும் சீனியர் என்கிறோம், அது வேறு.

சட்டம் படிக்கும் மாணவர்கள் கோட்டு போடலாமா? வாங்க வசதியில்லாவிட்டால்?

இன்டர்ன்ஷிப்புக்கும், மாணவர்கள் பயிற்சிக்காக வாதாடும் மூட் கோர்ட்டுக்கும் வெள்ளைச் சட்டை, வெள்ளை அல்லது கறுப்புக் கால்சட்டை, கறுப்பு டை, கறுப்புக் கோட்டு, கறுப்பு ஷூ என்று 2008ஆம் வருட சட்டக் கல்வி விதிகள் சொல்கின்றன. பேண்டும் கவுனும் கிடையாது, அவை என்ரோல் ஆன பிறகுதான்.

வசதியில்லாதவர்கள் அடுத்த வரியைக் கவனியுங்கள். முழு உடையும் வாங்க முடியாத மாணவர் வெள்ளைக் கால்சட்டை, முழுக்கைச் சட்டை, மூடிய ஷூவோடு வரலாம் என்று அதே விதி இடம் கொடுக்கிறது. கோட்டு இல்லையே என்று இன்டர்ன்ஷிப்பை விட்டுவிடாதீர்கள். எந்த நல்ல சீனியரும் அதைக் குறையாக நினைக்கமாட்டார். சேம்பரில் பழைய கோட்டு ஒன்று எப்போதும் தொங்கும், கேட்டால் கொடுப்பார்கள்.

கம்பெனி வக்கீல்களுக்கும் இதே உடையா?

கோர்ட்டுக்குப் போகாதவரை இந்த விதி அவர்களைத் தொடாது. ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் மற்ற அலுவலகங்களைப் போல உடுத்துகிறார்கள். வெளிநாட்டுக் கட்சிக்காரரோடு கூட்டம் என்றால் சூட்டு.

வெளிநாடுகளில் எப்படி?

இங்கிலாந்தில் 2008 முதல் உரிமையியல், குடும்ப வழக்குகளில் பொய்முடி போய்விட்டது, குற்ற வழக்குகளில் இருக்கிறது. அங்கே உச்ச நீதிமன்றத்தில் இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் 2011 முதல் கவுனே இல்லாமல் வாதாடலாம். அமெரிக்காவில் வக்கீலுக்கு அங்கி கிடையாது, சாதாரண சூட்டுதான். அரசு சார்பில் உச்ச நீதிமன்றத்தில் வாதாடும் சொலிசிட்டர் ஜெனரல் அலுவலகத்து ஆண் வக்கீல்கள் மட்டும் பின்னால் வால் நீண்ட பழைய பாணிக் கோட்டு போடுவது வழக்கம்.

நானே என் வழக்கை நடத்தினால் என்ன போடுவது?

சுத்தமான, சாதாரண உடை. கறுப்புக் கோட்டு வேண்டாம், குழப்பம் வரும். வக்கீலாகப் பதிவாகாமல் வக்கீல் தொழில் செய்பவருக்கு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 45ஆவது பிரிவில் 6 மாதம் வரை சிறை உண்டு. யாரையாவது சந்தேகித்தால் என்ரோல்மென்ட் எண்ணைக் கேளுங்கள். அதைக் கேட்பது அவமரியாதை கிடையாது, உண்மையான வக்கீல் உடனே சொல்லிவிடுவார்.

முதல் கோட்டு வாங்கப் போகிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

சென்னைக்கு முழு லைனிங் வேண்டாம், முதுகில் பாதி இருந்தால் போதும். மெல்லிய துணியாகப் பாருங்கள். போட்டுப் பார்க்கும்போது இரண்டு கையையும் முன்னால் நீட்டுங்கள், கட்டுக் கட்டாகக் கேஸ் பேப்பரைச் சுமக்கிற தொழில் இது. முதுகு இழுத்தால் அளவு சரியில்லை. உள்பாக்கெட் இரண்டு கேளுங்கள், பேனா ஒன்றில், காஸ் லிஸ்ட் (அன்றைய வழக்குப் பட்டியல்) குறிப்பு ஒன்றில்.

பாலியஸ்டர் கலந்த துணியில் இஸ்திரிப் பெட்டியை நேரடியாக வைத்தால் பளபளப்புத் தட்டிவிடும். ஈரத் துணியை மேலே விரித்துத் தேயுங்கள். வீட்டுக்கு வந்ததும் பீரோவுக்குள் வைக்காமல் அகலமான ஹேங்கரில் காற்றாட மாட்டுங்கள். வேர்வையின் உப்புக் கறையை அன்றைக்கே ஈரத் துணியால் துடைத்துவிட்டால் துணி வெளிறாது. வெயிலில் காயப் போட்டால் முழங்கைப் பக்கம்தான் முதலில் பழுப்பேறும். பேண்ட் குறைந்தது மூன்று வேண்டும். தினமும் துவைத்து, லேசாகக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கட்டுங்கள். கோட்டு பழசாக இருக்கலாம், பேண்ட் அழுக்காக இருக்கக் கூடாது.

கோட்டோடு கல்யாணத்துக்குப் போகலாமா?

கோட்டு மட்டும் என்றால் தாராளமாக. பேண்டும் கவுனும் கோர்ட்டுக்கு வெளியே பொது இடங்களில் அணியக் கூடாது என்று விதி இருக்கிறது. பார் கவுன்சிலோ நீதிமன்றமோ குறிப்பிடும் சடங்கு நிகழ்ச்சிகளுக்கு மட்டும் விலக்கு. ஆகவே மண்டபத்துக்குள் போகும் முன் பேண்டை அவிழ்த்துப் பையில் வைத்துவிடுங்கள்.